ஆதிமூலத்தின் வண்ணப் பக்கம்

சிற்றிதழ் வாசகர்களுக்கு ஆதிமூலம் என்றால் கோடு. கறுப்பு மையில் வளைந்தும் முறிந்தும் ஓடி, ஓர் எழுத்தாளரின் முகத்தையோ கரிசல் காட்டுச் சம்சாரியின் முழங்காலையோ பிடித்து நிறுத்திவிடுகிற கோடு. 1970இல் 'கசடதபற' வந்தபோது அந்த வட்டத்தோடு நெருங்கியிருந்த ஓவியர்களில் அவர் முக்கியமானவர். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது எழுத்துக்காக மட்டுமின்றி அவருடைய படங்களுக்காகவும் காத்திருந்தவர்கள் உண்டு. க்ரியாவின் புத்தக அட்டைகள், எத்தனையோ நூல்களின் தலைப்பெழுத்துகள் என்று கணக்கெடுத்தால், நவீனத் தமிழ் இலக்கியம் ஒரு தலைமுறை வாசகனின் கண்ணுக்கு எப்படித் தோற்றம் தந்ததோ அதில் பெரும்பகுதி ஆதிமூலத்தின் கைவண்ணம். கைவண்ணம் என்று எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். அந்தக் கைவேலை எதிலும் வண்ணம் இல்லை. எல்லாம் கறுப்பு, வெள்ளை.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. சில நூறு பிரதிகள் அச்சிட்டு, சந்தா வராமல், நண்பர்களின் சம்பளத்தில் ஓடிய பத்திரிகைகளுக்கு வண்ண அச்சு கட்டுப்படியாகாது. கோட்டோவியம் ஒரே பிளாக்கில் முடிந்துவிடும். வண்ணத்துக்கு நான்கு முறை தாள் ஓட வேண்டும். ஆகவே ஓவியரிடமிருந்து நம்மால் எதை வாங்கிக்கொள்ள முடிந்ததோ அதை வாங்கிக்கொண்டோம். ஆனால் அவர் தன் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எண்ணெய் வண்ணத்தில் அரூப ஓவியங்களை வரைந்தார். எழுபதுகளில் தொடங்கி 2008 ஜனவரியில் மறைகிறவரை அந்த வேலை தொடர்ந்தது. அவை கலைக்கூடங்களுக்கும் சேகரிப்பாளர்களின் சுவர்களுக்கும் போயின. அவருடைய பெயரைச் சொந்தப் பெயர்போல உச்சரித்த தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் ஒரு மூல ஓவியத்தின் முன் நின்றிருப்பார்கள்? திண்டுக்கல்லில் அப்படி ஒரு சுவர் எனக்குத் தெரிந்து கிடையாது. நாம் படித்த ஓவியர் ஒருவர். அவர் இருந்த வீடு இன்னொன்று.

*

கே.எம். ஆதிமூலம் 1938இல் திருச்சி மாவட்டத்தில் துறையூரை அடுத்த கீராம்பூரில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார். 1960இல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து 1966இல் படிப்பை முடித்தார். அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. சிற்பி தனபால் அங்கே ஆசிரியர், கே.சி.எஸ். பணிக்கர் முதல்வர். மேற்கைப் பார்த்துப் போட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாத ஒரு நவீனத்தை எங்கிருந்து தேடி எடுப்பது என்ற கேள்வி அந்தச் செங்கல் கட்டடங்களில் தினசரிப் பேச்சாக இருந்த காலம். பணிக்கர் வாசிக்க முடியாத எழுத்துகளையும் சோதிடக் கட்டங்களையும் கொண்டு 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை வரையத் தொடங்கியது அப்போதுதான். சோழமண்டல ஓவியர் கிராமம் 1966இல் உருவானதும் அதே கேள்வியின் தொடர்ச்சிதான்.

ஆதிமூலம் முதலில் போன வழி கோட்டின் வழி. 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, ஏறத்தாழ நூறு காந்திச் சித்திரங்களை வரைந்தார். எங்கள் ஊரான கொடைரோட்டுக்கு ரயிலில் அடுத்த நிறுத்தம் அம்பாத்துரை. அதன் அருகில்தான் சௌந்தரம் அம்மாளும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் இருக்கிறது. ஆகவே காந்தி எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமானவர். சட்டமிட்ட படத்தில், மாலை போட்டு, அசையாமல் இருப்பவர். ஆதிமூலத்தின் காந்தியைப் பின்னாளில் பார்த்தபோது முதலில் தோன்றியது, இந்த மனிதர் நடந்துகொண்டிருக்கிறார் என்பதுதான். நான்கைந்து கோடுகளில் அந்த முதுகு முன்னால் சாய்ந்திருக்கும். காந்தியை அடுத்து மகாராஜாக்கள் வந்தார்கள். அரசும் போய், படையும் போய், தலைப்பாகையும் நகையும் மட்டும் மிஞ்சிய உருவங்கள். அங்கே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்து பின்னி, உடல் எது உடை எது என்று பிரிக்க முடியாத கறுப்புக் காடாகிவிடும். அந்தக் காட்டுக்குள்ளேயே உருவம் கரையத் தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். அதற்கடுத்த ஓவியங்களில் ராஜாவும் இல்லை, கோடும் இல்லை. வண்ணப் பரப்புகள் மட்டும்.

காந்தியை வரைந்த கை ஏன் இப்படி எதுவுமே இல்லாததை வரையப் போனது என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர், முற்போக்கு இலக்கியத்தில் தோய்ந்தவர், இதைக் கொஞ்சம் காரமாகவே சொல்வார்: "சம்சாரியை வரைந்தபோது சம்சாரிக்குப் புரிந்தது. நிறத்தை வரைந்தபோது பணக்காரன் வாங்கி சோபாவுக்கு மேலே மாட்டிக்கொண்டான்." இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஓவியம் ஒரே பிரதி. யார் விலை கொடுக்கிறாரோ அவர் வீட்டில்தான் அது இருக்கும். ஆனால் இது சந்தையைப் பற்றிய உண்மை, ஓவியத்தைப் பற்றியதல்ல. கோயில் தூணில் இருக்கும் யாளியை எந்த அரசன் செய்வித்தான் என்பதை வைத்து நாம் யாளியை எடைபோடுவதில்லை. நண்பர் சொன்னதில் எனக்கு உறுத்துகிற பகுதி வேறு. 'சம்சாரிக்குப் புரியாது' என்று அவர் எதை வைத்து முடிவுகட்டினார்?

*

என் தந்தை சம்சாரி. அம்மையநாயக்கனூருக்கு மேற்கே மூன்று ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருந்தார். கொடைரோடு வழியாகப் போனவர்களுக்கு அந்தத் திராட்சையைத் தெரிந்திருக்கும். பேருந்து நின்றதும் ஜன்னலுக்கு நேரே கூடை வந்துவிடும். திராட்சைப் பந்தல் நிறங்களின் பள்ளிக்கூடம் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து இலைக்கு மருந்தடிப்பார்கள். காய்ந்ததும் பச்சை இலைமீது ஒரு வெளிர்நீலம் படிந்து நிற்கும். கற்கம்பங்களிலும் கம்பியிலும் அடித்தவரின் சட்டையிலும்கூட. பழம் கறுக்கும்போது ஒரே நாளில் கறுப்பதில்லை. பச்சை கலங்கி, செம்மை ஏறி, ஒரே கொத்தில் நான்கு நிறம் நிற்கும் சில நாட்கள் உண்டு. பழுத்த பழத்தின்மேல் மெல்லிய வெண்படலம் இருக்கும். விரல் பட்ட இடத்தில் மட்டும் அது அழிந்து, உள்ளிருக்கும் கருநீலம் தெரியும்.

தந்தை கொத்தைத் தொடமாட்டார். பந்தலின் கீழே குனிந்து நடந்துகொண்டே, "இன்னும் நாலு நாள்" என்பார். எதை வைத்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "பாத்தாத் தெரியும்ல" என்பதுதான் பதில். கவாத்து செய்கிற நாளில் எந்தக் கொடியை எத்தனை கணுவில் வெட்டுவது என்பதையும் அப்படித்தான் முடிவுசெய்தார். கத்தரி கொடிக்குப் பக்கத்தில் போய் ஒரு கணம் நிற்கும், பிறகு வெட்டும். நிற்கிற அந்த ஒரு கணத்தில் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர் தவறாக வெட்டினால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

உள்ளுணர்வு என்ற சொல்லை ஓவியர்கள் பயன்படுத்தும்போது எனக்கு இந்தக் கணம்தான் நினைவுக்கு வருகிறது. நம்மிடையே அந்தச் சொல்லுக்கு ஏதோ அருள் வந்து ஆடுவது போன்ற ஒரு பொருள் ஏறிவிட்டது. திட்டமில்லாமல் கை போன போக்கில் பூசுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக் குழந்தையும் இதைச் செய்யும் என்று சிலர் சிரிக்கிறார்கள். இரண்டு தரப்பாரும் எண்ணெய் வண்ணத்தோடு ஒரு வாரம் பழகிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம் போல நீர் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு எண்ணெய் மெல்ல வினைபுரிந்து இறுகுகிறது. கனமாகப் பூசினால் மேல்தோல் இறுகி உள்ளே வாரக்கணக்கில் ஈரமிருக்கும். எண்ணெய் குறைந்த பூச்சின்மேல் எண்ணெய் மிகுந்த பூச்சு வரலாம். மாற்றிச் செய்தால் நாளடைவில் வெடித்துவிடும். ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் இரண்டும் கலக்கும். ஒருமுறை அதிகமாகத் தேய்த்தால் மஞ்சளும் ஊதாவும் சேர்ந்து சேறாகிவிடும். இத்தனையும் கையில் ஊறிப்போன பிறகுதான் 'திட்டமில்லாமல்' என்ற பேச்சே எழ முடியும்.

ஆதிமூலம் கலவைக் கத்தியால் வேலை செய்தவர். கத்தி தூரிகையைப்போலச் சொன்னதைக் கேட்பதில்லை. அது வண்ணத்தைத் தடவும், வழிக்கும், கீழே இருந்ததைத் திடீரென்று வெளியே காட்டும். ஒரு வீச்சின் முடிவில் வரப்புபோல ஓர் விளிம்பு எழும்பி நிற்கும். அடுத்த வீச்சு அந்த வரப்பைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும். ஒவ்வோர் அடியும் அதற்கு முந்தைய அடிக்குச் சொல்லும் பதில். முதல் அடி மட்டும் வெற்றுத் துணிக்கு. கோட்டில் வாழ்ந்தவர் கத்தியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பிடிவாதம் இருப்பதாகத் தோன்றுகிறது. பேனா முனையில் எது அவருக்குக் கைவந்திருந்ததோ அதைக் கத்தி முனையில் செய்ய முடியாது. தேர்ச்சி நுழையாத கருவியாகப் பார்த்து எடுத்துக்கொண்டார் போலும்.

மும்பையின் கைதோண்டேவைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வி.எஸ். கைதோண்டே (1924–2001) உருளையும் கத்தியும் கொண்டு வண்ணத்தைப் பூசியும் வழித்தும் வேலை செய்தவர். ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஓவியங்களே முடித்தார். மற்ற நாட்களில் என்ன செய்தார் என்றால், உட்கார்ந்திருந்தார். அரூபம் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. பொருளைச் சாராத ஓவியம் என்றே தன்னுடையதைச் சொன்னார். அரூபம் என்றால் ஏதோ ஒரு ரூபம் முன்பு இருந்து, அதைக் கழித்தது போலாகிறது அல்லவா?

ஆதிமூலத்துக்கு அந்தச் சொல் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அவர் கழித்தவர்தான். அவருடைய பரப்புகளில் நிலம் இருக்கிறது.

*

அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, சென்னையில் ஒரு கலைக்கூடத்தில் அவருடைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றை முதன்முதலாக நேரில் பார்த்தேன். அச்சில் பார்த்திருந்த எதுவும் அதற்கு என்னைத் தயார்செய்திருக்கவில்லை. ஆள் உயரத்துக்குத் துணி. பெரும்பகுதி மஞ்சளும் காவியும் கலந்த ஓர் அமைதியான பரப்பு. மேலே மூன்றில் ஒரு பங்கில் நீலமும் வெள்ளையும் சாம்பலும் கத்தித் தடங்களாக ஒன்றன்மீது ஒன்று ஏறி நெரிந்துகொண்டிருந்தன. மரமில்லை, மலையில்லை, அடிவானம் என்று சொல்லக்கூடிய கோடும் இல்லை. ஆனாலும் நான் எங்கோ நின்றுகொண்டிருந்தேன். காலை ஏழு மணி என்று சொல்லத் தோன்றியது. வெயில் இன்னும் சுடத் தொடங்காத ஏழு மணி.

இது எல்லோருக்கும் நேரும் என்று சொல்ல மாட்டேன். நான் மலையடிவாரத்துக்காரன். கொடைரோட்டில் நின்றால் மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை. இரண்டுக்கும் நடுவே சமவெளி ஒரு பாய்போல விரிந்து கிடக்கும். காலையில் வெயில் மேற்கு மலைமீது விழும். மடிப்பு மடிப்பாகப் பாறைகள் தெரியும். மாலையில் அதே மலை வெட்டி வைத்த நீலத் தாள்போலத் தட்டையாகிவிடும். அப்போது சிறுமலை செம்மண் நிறத்தில் எரியும். ஐப்பசி மழையில் இரண்டுமே இருக்காது. வெறும் சாம்பல், அதில் ஓரிடம் மட்டும் கொஞ்சம் கனமான சாம்பல். 1875இல் ரயில் வந்து, மலையேறுகிறவர்கள் இறங்கும் இடமாக ஆனபிறகு, இந்த ஊரில் இறங்குகிறவர்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். கொடைக்கானலுக்கு இது வாசற்படி. வாசற்படியை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. நிறம் மாறுவது முழுவதும் தெரிவது கீழிருந்து பார்ப்பவர்களுக்கே.

துறையூரும் அப்படிப்பட்ட ஊர்தான். பச்சைமலையும் கொல்லிமலையும் பக்கத்தில், கீழே வயல்கள். ஆதிமூலத்தின் பரப்புகளில், கனத்த நெரிசலுக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய வெற்றிடம் கிடப்பதற்கும், மலை முடிந்து சமவெளி தொடங்கும் நிலத்தில் அவர் வளர்ந்ததற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று நம்புகிறேன். நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டிய வகையைச் சேர்ந்த நம்பிக்கையும் அல்ல.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் திணை நினைவுக்கு வராமல் போகாது. கருத்தரங்குகளில் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன்: தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று மூன்று வகுத்தார், நிலமும் பொழுதும் முதற்பொருள், ஆதிமூலம் கருப்பொருளையும் உரிப்பொருளையும் நீக்கிவிட்டு முதற்பொருளை மட்டும் வரைந்தார். கேட்க அழகாக இருக்கிறது. பாதி சரியும்கூட. அந்த ஓவியங்களில் இடமும் வேளையும்தான் இருக்கின்றன. ஆனால் சங்கப் பாட்டில் நிலம் ஒருபோதும் தனக்காக வருவதில்லை. யாரோ ஒருத்தி காத்திருக்கிறாள், யாரோ ஒருவன் திரும்பி வந்துகொண்டிருக்கிறான். அந்த வலிக்கு ஓர் இடம் வேண்டுமென்றே குறிஞ்சியும் முல்லையும் வருகின்றன. உரிப்பொருள் இல்லாத முதற்பொருளை அந்தக் கவிஞர்கள் பாட்டு என்றே ஒப்பியிருக்க மாட்டார்கள். நவீன ஓவியம் ஒன்றைக் கண்டதும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அலமாரியில் வைத்துவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி. ஓவியத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. அந்த ஓவியத்தின் முன் நின்றபோது எனக்குள் ஏற்பட்ட தடுமாற்றம், அங்கே எனக்காகக் காத்திருக்கிற ஆள் யாரும் இல்லை என்பதால் வந்தது. அதைத் திணை என்று பெயரிட்டுச் சமாதானம் செய்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

இலக்கணத்தில் உதவக்கூடிய இடம் வேறொன்று இருக்கிறது. செய்யுளியலில் தொல்காப்பியர் இருபது வண்ணங்களைச் சொல்கிறார். அங்கே வண்ணம் என்றால் சந்தம். ஓசை நடக்கும் விதம். நிறத்துக்கும் நடைக்கும் ஒரே சொல். வகுப்பில் இதை நடத்தும்போது, பெயர் ஒற்றுமை என்று கடந்துபோவதே வழக்கம். ஆனால் கத்தித் தடங்கள் ஒன்றையடுத்து ஒன்று இடம்விட்டும் நெருங்கியும் விழுந்திருப்பதைப் பார்த்தால், வல்லொற்று மிகுந்து ஒரு வரி நடப்பதையும் நெட்டெழுத்தில் இன்னொரு வரி நீள்வதையும் காதால் பழகியவனுக்கு அந்தச் சொல் தற்செயல் என்று படாது. நிறம் என்ற சொல்லும் அப்படித்தான். பழந்தமிழில் அதற்கு மார்பு என்றும் பொருள். வேல் பாய்ந்தது நிறத்தில். நமது பழைய நிறச்சொற்களும் மிகச் சில: கருமை, வெண்மை, செம்மை, பசுமை. இவை சாயத்தின் பெயர்களல்ல, நிலைகள். பச்சைத் தண்ணீர் பச்சையாக இருப்பதில்லை; பச்சைக் குழந்தையும் பச்சை அல்ல. காய்ச்சாதது, முற்றாதது என்பதைத்தான் அந்தச் சொல் பிடித்து வைத்திருக்கிறது. நிறத்தைப் பொருளின் மேல்பூச்சாக அன்றி அதன் நிலையாகப் பார்த்த மொழிக்கு அரூப ஓவியம் இத்தனை அந்நியமாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை.

*

திராட்சைத் தோட்டம் இப்போது இல்லை. செவட்டை நோய், விலை, கூலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பந்தலைப் பிரித்துக் கற்கம்பங்களை விற்றுவிட்டோம். அதற்குள் தந்தைக்கும் கண் மங்கிவிட்டது. கண்புரை இரண்டு கண்ணிலும் முற்றியபிறகுதான் சம்மதித்தார். மதுரையில் அறுவை முடிந்து, மறுநாள் கட்டவிழ்த்து, ஊருக்கு அழைத்து வந்தேன். பேருந்து வாடிப்பட்டியைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவர், "மலை இவ்வளவு நீலமாவா இருந்துச்சு?" என்றார். நான் பார்த்தேன். எப்போதும்போலத்தான் இருந்தது. அவருக்குப் பத்து ஆண்டுகளாக அது பழுப்பு மலையாக இருந்திருக்கிறது; அவர் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே தெரிந்திருக்கவும் இல்லை. புரை மஞ்சளாகி நீலத்தை வடிகட்டிவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஓவியர் மோனே இதே நிலையில் இருந்தவர். 1912இல் அவருக்குக் கண்புரை என்று மருத்துவர் சொன்னார். பதினோரு ஆண்டுகள் தள்ளிப்போட்டு 1923இல்தான் ஒரு கண்ணில் அறுவைக்கு இணங்கினார். இடைப்பட்ட காலத்து ஓவியங்களில் அல்லிக்குளமும் பாலமும் சிவப்பும் பழுப்பும் மண்டி, எது நீர் எது கொடி என்று தெரியாமல் போகின்றன. சிலர் அவற்றை அரூப ஓவியத்தின் முன்னோடி என்கிறார்கள். சிலர் நோயின் விளைவு என்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வண்ணக் குழாயில் ஒட்டிய பெயரைப் படித்தும், பலகையில் எந்த நிறம் எங்கே இருக்கிறது என்ற பழக்கத்தை நம்பியும் அவர் வரைந்தார். கண் பொய் சொன்னபோது கை நினைவு வைத்திருந்தது.

தந்தை அடுத்த சில வாரங்கள் மாலையானால் வாசலில் நாற்காலியைப் போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்துகொண்டார். அப்போது ஒருநாள் ஆதிமூலத்தின் ஓவியங்கள் வண்ணத்தில் அச்சான ஒரு கண்காட்சிப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். நண்பரின் வாக்கியத்தைச் சோதிக்க வேண்டுமென்ற எண்ணமும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அவர் எட்டாவது வரை படித்தவர். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினார். என்ன இது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இது மழைக்கு முந்தி" என்றார். இன்னொன்றில், "இந்த ஆளு இங்க ஏன் செவப்பு வச்சான்? அது இல்லாட்டி நல்லாருந்திருக்கும்" என்றார். அந்தச் சிவப்பை நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு இருந்தது. அவர் சொன்னது சரியா என்று அந்தப் பக்கத்தை இன்றுவரை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். எனக்கு அந்தச் சிவப்பு இருக்க வேண்டும் என்றுதான் படுகிறது. ஒருவேளை நான் ஓவியர் பக்கம் சாய்கிறேனோ என்னவோ. நண்பரிடம் இதைச் சொன்னபோது, "உன் அப்பா விதிவிலக்கு" என்று முடித்துவிட்டார்.

*

அச்சுதன் கூடல்லூரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1945இல் கேரளத்தில் நிளா ஆற்றங்கரைக் கூடல்லூரில் பிறந்து, பொறியியல் படித்து, வேலைக்காகச் சென்னை வந்தவர். மாலை வேளைகளில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரையப் பழகி, உருவங்களில் தொடங்கி, பிறகு முழுக்க வண்ணத்துக்குள் போய்விட்டார். 2022 ஜூலையில் சென்னையிலேயே மறைந்தார். ஆதிமூலத்தின் பரப்புகளில் ஒரு வெட்டவெளி இருக்கும் என்றால் அச்சுதனின் சிவப்புகளில் மூச்சுவிட இடம் இருக்காது, அடர்ந்து நெருக்கும். இருவரும் ஒரே நகரத்தில், ஒரே வெயிலில், அருகருகே வேலை செய்தவர்கள். இயற்கையிலிருந்து வந்தது என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டால் எதுவும் சொன்னதாகாது. ஆறு ஒருவருக்குத் தந்ததும் மலையடி ஒருவருக்குத் தந்ததும் வேறுவேறு. அச்சுதனைத் தமிழில் நாம் பேசியதே இல்லை என்பது தனிக் கதை. அதை அவரோடு பழகிய யாராவது எழுத வேண்டும்.

சென்ற பருவத்தில் இதழியல் பாடத்தின் ஒரு பகுதியாகச் சிற்றிதழ் அட்டைகளைக் காட்டும்போது ஆதிமூலத்தின் எண்ணெய் வண்ண ஓவியங்களையும் சேர்த்துக் காட்டினேன். கல்லூரியில் அப்படி ஓவியம் ஒன்றும் இல்லாததால் எல்லோரும் கைப்பேசியில்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு திரையிலும் நீலம் ஒவ்வொரு நீலமாக இருந்தது. எது உண்மையான நீலம் என்று ஒரு மாணவர் கேட்டார். சென்னைக்குப் போனால் தெரியும், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தின் அருங்காட்சியகம் 2009இலிருந்து இருக்கிறது, மதராஸ் ஓவியர்களை நேரில் பார்க்கலாம் என்றேன். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, வீட்டில் பூ விவசாயம், வெகுநேரம் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதில் எது மேல் பக்கம் என்று கேட்டாள்.

நல்ல கேள்வி என்று கான்டின்ஸ்கியின் கதையைச் சொன்னேன். மூனிக்கில் ஒரு மாலை அவர் வீடு திரும்பும்போது, மங்கிய ஒளியில், உள்ளிருந்து ஒளிர்வது போன்ற ஓர் அற்புதமான ஓவியத்தைக் கண்டு திகைத்து நின்றார். அதில் என்ன வரையப்பட்டிருக்கிறது என்று தெரியவில்லை. நிறங்களும் வடிவங்களும் மட்டும் தெரிந்தன. கிட்டே போனபோது அது அவருடைய சொந்த ஓவியம்தான், பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே அனுபவத்தைத் திரும்பப் பெற முயன்றார்; கிடைக்கவில்லை. பொருள்கள் தெரிந்துவிட்டன. பொருள் தன் ஓவியத்துக்குக் கேடு என்று அவர் முடிவுக்கு வந்தது இப்படித்தான். 1913இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்.

கதையைக் கேட்டதும் அவள் கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினாள். படமும் கூடவே திரும்பி நேராக நின்றுகொண்டது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், மறுபடியும் திரும்பியது. வகுப்பே சிரித்தது. கடைசியில் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, அவளே எழுந்து மேசையைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள்.